மூடுவதற்குத் தேதி, திறப்பதற்குக் கண்: கழுகு கூடு கட்டும் பாறையில் எந்த விதி நிற்கும்?

குளிர்காலம் தொடங்குவதற்குள் எங்கள் பாறையேற்றக் குழு ஒரு விதியை எழுதி நிலத்துக்காரரிடம் கொடுத்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில், குவாசூலு-நட்டால் மாகாணத்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில், தனியார் பண்ணை ஒன்றுக்குள் இருக்கும் மணற்பாறைச் சுவர் அது. டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்தும் வரும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் கயிறு பிடிக்கக் கற்றுக்கொண்ட இடம். அதே சுவரில் ஒரு கருங்கழுகு இணையும் குடியிருக்கிறது. பறவை நூல்கள் இதை வெரோ கழுகு என்கின்றன. இங்குள்ள பழைய ஆட்களுக்கு அது என்றும் கருங்கழுகுதான். பாறையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கூடு இருக்கும் இடம் வெளியே தெரிந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், கயிற்றோடு வருகிறவர்களைவிடப் பெரிய தொல்லை.

நிலத்துக்காரர் கேட்டது நேரான கேள்வி: முழுதாக மூடுவதா, பாதி மூடுவதா, உங்கள் நல்ல புத்தியை நம்பி விட்டுவிடுவதா? எதுவானாலும் எழுத்தில் வேண்டும், வாயிற்கதவில் ஒட்ட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அடுத்தவர் நிலத்தில் நடமாடப் பொது உரிமை எதுவும் கிடையாது. அவர் பூட்டைப் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. ஆகவே எழுதப்போகும் விதி கழுகைக் காப்பாற்ற வேண்டும், எங்கள் ஆட்கள் உண்மையாகவே கடைப்பிடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், பண்ணைக்காரர் ஒரு பார்வையில் புரிந்துகொள்ளும்படியும் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கூடிவருவது சுலபமில்லை.

பெரிய வெள்ளிக்கிழமைக்குள் கூடிப் பேசிவிட வேண்டும் என்பது என் வற்புறுத்தல். அந்த வாரம் பாதிப் பேர் மாரியம்மன் கோவில் தீமிதி வேலையில் மூழ்கிவிடுவார்கள். அது முடிந்து நிமிர்ந்து பார்ப்பதற்குள் கழுகு முட்டை இட்டிருக்கும்.

பறவையின் நாட்காட்டி

வெளிநாட்டுக் கையேடுகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். பிரிட்டனில் கூடு கட்டும் பறவைகளுக்கான பாறைத் தடைகள் பெரும்பாலும் மார்ச்சில் தொடங்கி ஜூன் கடைசி வாக்கில் முடிகின்றன. அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் பெரிகிரின் வல்லூறுகளுக்காக மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை சில வழிகளை மூடுகிறார்கள். அந்தத் தேதிகளை அப்படியே கொண்டுவந்து நம் கதவில் ஒட்டினால், குஞ்சு பொரித்துச் சில வாரங்களே ஆகியிருக்கும் நேரத்தில் கதவைத் திறந்துவிடுவோம்.

கருங்கழுகு இங்கே குளிர்காலத்தில் குடும்பம் நடத்தும் பறவை. மார்ச், ஏப்ரலில் கூட்டைச் செப்பனிடத் தொடங்குகிறது. மே, ஜூன் மாதங்களில் முட்டை. அடைகாக்கும் காலம் சுமார் 44 நாள். அதன்பின் குஞ்சு சுமார் 95 நாள் கூட்டிலேயே வளர்கிறது. மே 1-இல் முட்டை இட்டிருந்தால் செப்டம்பர் நடுவில் குஞ்சு பறக்கும். ஜூன் 1-இல் இட்டிருந்தால் அக்டோபர் மூன்றாம் வாரம். நம் மாதங்களில் சொன்னால், சித்திரையில் தொடங்கிப் புரட்டாசி விரதம் முடியும்வரை அந்தச் சுவர் அவற்றுடையது.

பாறையேறுகிறவர்களுக்கும் அதுதான் நல்ல பருவம் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை மதியமானால் இடியும் மழையும். பாறை வழுக்கும், புல் இடுப்பளவு நிற்கும், புல்லுக்குள் என்ன படுத்திருக்கிறது என்று தெரியாது. மே முதல் ஆகஸ்டு வரை வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். பள்ளிகளின் ஜூலை விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. அக்டோபர்வரை மூடு என்று சொல்வது, ஒரு வருடத்தின் நல்ல பாதியைக் கொடுத்துவிடு என்று சொல்வதற்குச் சமம். அதனால்தான் இதை இரக்கத்தால் மட்டும் தீர்த்துவிட முடியாது; கணக்குப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

தொந்தரவு என்றால் என்ன

கயிற்றில் தொங்கும் ஒருவன் கழுகைத் தொடுவதில்லை, கூட்டைக் கலைப்பதில்லை. பிறகு என்ன கெட்டுவிடும் என்று கேட்கிறவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். கெடுதல் நடப்பது பறவை எழுந்துபோகும் நேரத்தில். முட்டைமேல் இருக்கும் தாய், ஆபத்து நெருங்குகிறது என்று நினைத்தால் முதலில் எழாது, தட்டையாக அமுங்கிக்கொள்ளும். தலை மட்டும் மெல்ல நம் பக்கம் திரும்பும். நாம் இன்னும் ஏறினால் விளிம்பில் இருந்து சரிந்து பறந்துவிடும். டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் பனி விழுந்து குளிர்காற்று இறங்கும் நாளாக அது இருந்தால் முட்டை விறைக்கும். வெள்ளைக்கழுத்துக் காக்கைகள் அந்த வட்டாரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. பபூன் கூட்டமும் உண்டு. ஏறுகிறவன் நிலைப்பிடித்து மூச்சு வாங்கி அடுத்த பிடியைத் தேடும் அந்த அரை மணி நேரம் போதும்.

இரண்டு கட்டங்கள் மிக மோசமானவை. முட்டை இடுவதற்குச் சற்று முன்னும் அடைகாப்பின் தொடக்கமும் ஒன்று. அப்போது கலைத்தால் இணை அந்த ஆண்டுக்குக் கூட்டையே கைவிட்டுவிடக்கூடும். மற்றது கடைசி சில வாரங்கள். இறக்கை முழுதும் முற்றாத குஞ்சு பயந்து குதித்துவிடும். கீழே விழுந்த குஞ்சால் திரும்பி ஏற முடியாது. கருங்கழுகு மறுமுட்டை இடுவது அபூர்வம், ஆகவே ஒரு முறை தவறினால் பெரும்பாலும் அந்த ஆண்டு அவ்வளவுதான்.

ஓர் இடைக்குறிப்பு. வழக்கமாக இரண்டு முட்டை இருக்கும், கூட்டில் மிஞ்சுவது ஒரே குஞ்சு. முதலில் பொரித்த குஞ்சு, சில நாள் பின்னால் வந்த தம்பியைக் கொத்திக் கொத்திக் கொன்றுவிடுகிறது. தாய் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஜிம்பாப்வேயின் மடோபோ குன்றுகளில் நடந்த நெடுங்கால ஆய்வில் மூன்று நாளில் 1569 கொத்துகளை எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு: கண்காணிக்கப் போகும் நம் இளைஞர்கள் ஒரு வாரம் இரண்டு, அடுத்த வாரம் ஒன்று என்று பார்த்துவிட்டு, ஏறினவர்கள் தலையில் பழியைப் போடக் கூடாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பெரும் இரைகொல்லிப் பறவைகள் குறைவதற்குப் பாறையேறுகிறவர்கள் முதன்மைக் காரணம் இல்லை. நஞ்சு வைத்த இறைச்சி, மின்கம்பிகள், பாறுக் கழுகுகளின் உறுப்புகளை மருந்துக்காகவும் மந்திரத்துக்காகவும் விற்கும் வணிகம், காற்றாலை இறக்கைகள் ஆகியவை அந்தப் பட்டியலில் நமக்கு முன்னால் நிற்கின்றன. கேப் பாறுக் கழுகை, உலக அளவில் அருகிவரும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் 2015-இல் அழியும் நிலைக்கு உயர்த்தி, 2021-இல் ஒரு படி இறக்கியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் டிராக்கன்ஸ்பர்க்கிலும் லெசோத்தோ மலைகளிலும் மட்டுமே தங்கியிருக்கும் தாடிப் பாறு சுமார் நூறு இணைகள்தான். அந்தப் பெரிய காரணங்களில் நம் குழு செய்யக்கூடியது கொஞ்சம். இந்தச் சுவரில் யார், எப்போது ஏறுகிறார் என்பது மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது.

நல்ல புத்தியை நம்புவது

பழைய உறுப்பினர் ஒருவர், நாங்கள் எல்லாரும் மாமா என்று அழைப்பவர், விதியே வேண்டாம் என்கிறார். ‘ஜோகன்னஸ்பர்க் வால்டர் சிசுலு தாவரவியல் பூங்காவைப் பாருங்கள். சனி ஞாயிறு கூட்டம் கூடுகிறது, குழந்தைகள் கத்துகின்றன, அருவிக்குப் பக்கத்திலேயே இதே கழுகு குஞ்சு பொரிக்கிறது. பழகிக்கொள்ளும்.’

அவர் சொல்வதில் பாதி உண்மை. இன்னும் ஒரு சான்றை அவருக்குச் சார்பாக நானே தருகிறேன்: மேற்குக் கேப் மாகாணத்தில் செடர்பெர்க் மலையையும் அதை அடுத்த சேண்ட்ஃபெல்ட் விவசாயப் பகுதியையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஆய்வில், உழுது பயிரிட்ட நிலத்துக் கழுகுகள்தான் கூடுதலாகக் குஞ்சு வளர்த்திருந்தன. மனிதர் அருகில் இருப்பதே இவற்றுக்கு விஷம் என்பது சரியில்லை.

ஆனால் பூங்காவில் மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள்? கீழே, வேலி போட்ட பாதையில், நாள் தவறாமல் ஒரே இடத்தில். கூட்டின் மேலிருந்து கயிறு விட்டு யாரும் இறங்குவதில்லை. கழுகு அஞ்சுவது திடீரென்று, மேலிருந்து, தன் மட்டத்துக்கு வரும் உருவத்தை. எங்கள் சுவரில் ஏறி முடித்தவர்கள் உச்சியில் நடந்துபோய்க் கயிற்றில் இறங்கும் இடம் பழைய கூட்டுக்கு ஏறக்குறைய நேர் மேலே இருக்கிறது. குழுவில் இளையவள் ஒருத்தி மாமாவுக்குச் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: ‘மாமா, நீங்கள் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இங்கே நாம் அதன் கூரையில் நடக்கிறோம்.’

நல்ல புத்தியை மட்டும் நம்புவதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. கலைக்கிறவனுக்குத் தான் கலைத்தது தெரிவதே இல்லை. அடைகாக்கும் பறவை கூட்டின் குழிக்குள் அமுங்கியிருப்பதால் கீழிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அது பறந்துபோகும் பக்கமும் நம் கண்ணுக்கு எதிர்ப்புறமாக இருக்கலாம். தெரியாமல் நடக்கும் தவறுக்கு நல்ல மனம் மருந்தாகாது. இந்தத் தேர்வை நான் இத்தோடு விடுகிறேன்.

முழுதாக மூடுவது

ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை யாரும் ஏறக் கூடாது. ஒரே வரி. பண்ணைக்காரருக்கு இதுதான் பிடிக்கும். கதவில் சங்கிலி தொங்கினால் விளக்கம் தேவையில்லை. யாரும் கூட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை, தொலைநோக்கி வேண்டாம், வாக்குவாதம் வேண்டாம். பறவைக்கும் இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை.

குறை என்னவென்றால், கருங்கழுகு இணை ஒவ்வோர் ஆண்டும் முட்டை இடுவதில்லை. இடும் ஆண்டுகளிலும் ஒரே கூட்டில் இடுவதில்லை. ஓர் இணையின் எல்லைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகள் இருப்பது வழக்கம், அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். எங்கள் கழுகுக்குப் பள்ளத்தாக்கின் அடுத்த வளைவில் இன்னொரு கூடு இருக்கிறது. அங்கே குஞ்சு வளரும் ஆண்டில் இங்கே ஏழு மாதம் வெறும் பாறையைக் காவல் காத்துக்கொண்டிருப்போம். முதல் ஆண்டு எல்லாரும் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாம் ஆண்டும் காலிக் கூட்டுக்காகத் தடை என்று தெரிந்தால், எங்கள் ஆட்கள் சொல்லிக்கொள்ளாமல் போக ஆரம்பிப்பார்கள், அதுவும் விடியற்காலையில், மேல் பாதை வழியாக. யாரும் மதிக்காத கடுமையான தடை, தளர்வான தடையைவிடக் கழுகுக்குக் கேடு.

முழுத் தடை, சொல்லப்போனால் நிரந்தரத் தடையே பொருந்தும் இடங்கள் வேறு. கேப் பாறுக் கழுகுகள் கூட்டமாகக் கூடு கட்டும் சுவர்களைச் சொல்கிறேன். அது ஒற்றை முட்டை இடும் பறவை. அடைகாப்பு 57 நாள் வாக்கில், குஞ்சு பறக்க இன்னும் 140 நாள். மே தொடக்கத்தில் இட்ட முட்டைக்கு நவம்பர் நடுவரை காத்திருக்க வேண்டும், பிந்தி இட்டவற்றுக்கு ஆண்டுக் கடைசிவரை. இதில் பருவத் தடைக்கு எங்கே இடம்? ஒரிபி பள்ளத்தாக்குப் பக்கத்துச் சுவர்களைப்போல் பாறுகள் குடியிருக்கும் இடத்தில் ஏறும் ஆசையையே விட்டுவிடுவதுதான் நாணயம். மரக்கேலே தேசியப் பூங்காவின் கிரான்ஸ்பர்க் சுவர், உலகின் பெரிய கேப் பாறுக் கூட்டங்களில் ஒன்றின் இருப்பிடம். அதைத் தொலைநோக்கியில் பார்த்தால் போதும்.

கூட்டைச் சுற்றி மட்டும் மூடுவது

எங்கள் குழுவில் பெரும்பாலோர் விரும்பும் வழி இது. கூடு இருக்கும் பாதியை மூடு, மற்றப் பாதியில் ஏறு. எத்தனை மீட்டர் என்பதில்தான் சண்டை.

எண்ணை மட்டும் பார்த்தால் கதை உடனே முடிந்துவிடும். ஸ்காட்லாந்தில் அரசுத் துறை தரும் வழிகாட்டலில், கூட்டிலிருக்கும் பொன்னாங்கழுகுக்கு 750 முதல் 1000 மீட்டர் விலகல் சொல்கிறார்கள்; பெரிகிரின் வல்லூறுக்கு 500 முதல் 750. கருங்கழுகு பொன்னாங்கழுகின் நெருங்கிய உறவு. எங்கள் சுவரின் முழு நீளமே அரைக் கிலோமீட்டருக்குக் குறைவு. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டால் பாதி மூடல் என்பது பெயர்மாற்றிய முழு மூடல்.

ஆனால் வட்டம் வரைந்து பறவையைக் காப்பது காகிதத்தில்தான் நடக்கும். பாறையில் முக்கியமானது கண்பார்வைக் கோடு. எங்கள் சுவரின் நடுவே மூக்குப்போல் ஒரு பாறை முகடு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. கிழக்குப் பாதியில் கூடு. மேற்குப் பாதியில் அடிவாரத்திலும் சுவரின் நடுவிலும் நிற்கிறவன், கூட்டிலிருக்கும் பறவைக்குத் தெரியமாட்டான். உச்சிக்கு வந்துவிட்டால் தெரிவான். ஆகவே மேற்கை விடுவதானால் நான்கு நிபந்தனைகள் ஒட்டிக்கொண்டு வரும்: உச்சிவரை போகக் கூடாது, சுவரின் நடுவில், கயிறு மாட்டப் பாறைக்குள் பதித்திருக்கும் போல்ட்டுகளிலிருந்தே இறங்கிவிட வேண்டும், கிழக்குப் பாதி வழியாகச் செல்லும் பழைய நடைபாதையை விட்டு, அத்திமரங்களுக்குள் சுற்றிக்கொண்டு வர வேண்டும், கூவிப் பேசக் கூடாது. கடைசி நிபந்தனையைத்தான் எங்கள் கூட்டத்தால் காப்பாற்ற முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

இதற்கும் மேலே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கூடு எங்கே என்பது ஏப்ரலில் யாருக்கும் தெரியாது. போன ஆண்டு கிழக்கில் இருந்ததால் இந்த ஆண்டும் அங்கேதான் என்று எடுத்துக்கொண்டு மேற்கில் ஏறினால், கழுகு இடம் தேர்ந்தெடுக்கும் நாட்களிலேயே நாம் அதற்குத் தடையாக நிற்போம். அப்போது கழுகு நம்மைவிட்டு விலகிப்போகும், நாம் ‘இந்த ஆண்டு கூடு கட்டவில்லை’ என்று எழுதிக்கொள்வோம். பாதி மூடல் கெட்டியாக நிற்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு முழு மூடல் வேண்டும்.

தேதியில் மூடிக் கண்ணால் திறப்பது

நான் குழுவுக்கு முன்வைக்கப்போவது இதைத்தான். ஏப்ரல் 1-இல் கேள்வி கேட்காமல் முழுச் சுவரையும் மூடுவது. அதன்பின் பார்ப்பது. ஜூன் கடைசிவரை அடைகாப்பு எதுவும் இல்லை என்று தெளிவாகத் தெரிந்தால் முழுதும் திறப்பது. அடைகாப்பு உறுதியானால் ஜூலை கடைசிவரை முழு மூடல் நீடிக்கும். மே மாதம் முட்டை இட்டிருந்தால், தாய் குஞ்சை விட்டு விலகாமல் அணைத்திருக்கும் வாரங்கள் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். ஆகஸ்டு முதல் மேற்குப் பாதி மட்டும், மேலே சொன்ன நிபந்தனைகளோடு. குஞ்சு முதல் முறை பறந்து மூன்று வாரம் கழித்துக் கிழக்கு. மூன்று வாரம் எதற்கு என்றால், பறக்கத் தொடங்கிய குஞ்சு உடனே ஊரைவிட்டுப் போய்விடாது. தத்தித் தத்திப் பக்கத்துத் திட்டுகளில் இறங்கும், இரவுக்குக் கூட்டுக்கே திரும்பும்.

யோசெமிட்டியிலும் பிரிட்டனிலும் நடைமுறை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது: தடை முதலில் தேதிப்படி வரும், கூடு இல்லை என்று பார்த்து உறுதி செய்த வழிகளை முன்கூட்டியே திறந்துவிடுவார்கள். மூடுவதற்குச் சான்று கேட்பதில்லை, திறப்பதற்குத்தான் கேட்கிறார்கள். இந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீணாக மூடியிருந்தால் நமக்குப் போவது சில ஞாயிற்றுக்கிழமைகள், அவற்றை ஜூலையில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வீணாகத் திறந்திருந்தால் போகும் குஞ்சைத் திரும்ப எடுக்க வழியில்லை.

பார்ப்பது என்றால் எப்படி என்பதை விதியிலேயே எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கு ஒன்று பார்ப்பார்கள். பாறையில் வெள்ளைக் கறை தெரிந்தால் கூடு என்று பலர் நினைக்கிறார்கள். டாசி என்று இங்கே அழைக்கும், பாறை இடுக்குகளில் வாழும் சிறு விலங்கின் சிறுநீர் காய்ந்தும் அதே வெள்ளை படியும். டாசி எங்கே நிறைந்திருக்கிறதோ அங்கேதான் அதைத் தின்னும் கருங்கழுகும் இருக்கும் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். நம்பத் தகுந்த அடையாளம் பச்சை இலை. முட்டை இடும் காலத்தில் இவை இலையோடு ஒடித்த கொம்புகளைக் கொண்டுவந்து கூட்டின் நடுக்குழியில் பரப்புகின்றன. பல வருடச் சுள்ளிகள் சேர்ந்து ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கும் சாம்பல்நிறக் குவியலின் உச்சியில், வாடாத பச்சை ஒரு கைப்பிடி தெரிந்தால் அந்தக் கூட்டில் இந்த ஆண்டு குடித்தனம் நடக்கிறது. அதைவிட உறுதியானது ஆள் மாறுவது. ஆணும் பெண்ணும் அடைகாக்கின்றன. ஒன்று வந்து விளிம்பில் இறங்கும், குழியிலிருந்து மற்றொன்று எழும், முதுகின் வெள்ளை ‘வி’ அடையாளம் ஒரு கணம் விரிந்து தெரியும், அது பறந்துபோனதும் வந்தது உள்ளே அமரும். அதுவரை காலியாகத் தெரிந்த கூட்டில் ஒரு பறவை இருந்திருக்கிறது என்று அப்போதுதான் புரியும்.

ஆகவே எதிர்ச் சரிவிலிருந்துதான் பார்க்க வேண்டும், கூட்டின் மட்டத்திலோ சற்று மேலேயோ நின்று, காலை முழுவதும். பத்து நிமிடம் பைனாகுலரைச் சுழற்றிவிட்டுக் ‘காலி’ என்று எழுதுவது செல்லாது. கூடு உண்டு என்பதற்கு ஒரு முறை பார்த்தாலே போதும். இல்லை என்பதற்கு, வெவ்வேறு வாரங்களில், வெவ்வேறு ஆட்கள் பார்த்து ஒரே முடிவுக்கு வர வேண்டும். அடுத்த வளைவில் இருக்கும் கூட்டில் பறவை அமர்ந்திருப்பதையும் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. டிரோன் வேண்டவே வேண்டாம். பறந்துவரும் எதையும் இவை எதிரியாகத்தான் பார்க்கின்றன.

திறக்கலாம் என்று சொல்லும் அதிகாரம் ஏறத் துடிக்கிறவர்கள் கையில் இருக்கக் கூடாது. இதில் எனக்குச் சமரசம் இல்லை. குறிப்பேட்டைப் பண்ணைக்காரரிடமும், பறவை பார்ப்பதில் பழக்கமுள்ள, பாறையேறாத ஒருவரிடமும் காட்டி, இருவரும் தலையசைத்தால் சங்கிலி கழலும். பண்ணையில் மாடு மேய்க்கும் பெரியவரை நாங்கள் பாபா என்று கூப்பிடுகிறோம். அவர் தினமும் அந்தச் சரிவில் நிற்கிறார். கழுகு எந்தப் பக்கம் இரை கொண்டுபோகிறது என்பது எங்கள் எல்லாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் கேட்பதை விதியில் எழுத வேண்டும் என்று சொன்னபோது சிலர் சிரித்தார்கள். நான் எழுதப்போகிறேன்.

இந்த ஏற்பாட்டின் குறைகளும் எனக்குத் தெரியும். ஆள் வேண்டும். குளிர்காலக் காலையில் இரண்டு பேர் போர்வைக்குள் உட்கார்ந்து ஒரு பாறையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், வாரம் தவறாமல். ஆள் கிடைக்காத ஆண்டில் இந்த விதி தானாகவே முழு மூடலாக மாறிவிடும். அப்படித்தான் மாற வேண்டும் என்றும் எழுத வேண்டும். பார்க்க ஆளில்லை, ஆகவே திறந்துவிட்டோம் என்ற வாசல் இருக்கக் கூடாது. கடைசி மூன்று வாரம் மேற்கையும் மறுபடி மூடலாமே என்று ஒருவர் கேட்டார். பறவைக்கு நல்லதுதான். ஆனால் கதவில் ஒட்டும் தாளில் மூன்றுக்கு மேல் தேதி வந்தால் யாரும் படிக்கமாட்டார்கள்.

வேறு பறவை குடிவந்தால் தேதிகளும் மாறும் என்பதை அடிக்குறிப்பாகச் சேர்க்கிறேன். லானர் வல்லூறு பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில்தான் முட்டை இடும், பெரிகிரின் இன்னும் பிந்தி. இரண்டுக்கும் முட்டையிலிருந்து பறக்கும்வரை பத்துப் பதினொரு வாரம் போதும். கழுகு இல்லை என்று ஜூன் கடைசியில் திறந்துவிட்ட சுவரில் ஆகஸ்டில் வல்லூறு வந்து அமரலாம். தலைக்குமேல் ‘கக்-கக்-கக்’ என்று அலறிக்கொண்டு பாய்ந்தால் எந்தக் குறிப்பேடும் தேவையில்லை, அந்த வழியிலிருந்து அன்றே இறங்கிவிட வேண்டும். கிரௌன்ட் (crowned) கழுகைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். டர்பன் புறநகர்க் காடுகளில் பார்க்கும் அந்தப் பறவை மரத்தில் கூடு கட்டுவது, பாறைக்கு அதனால் வேலையில்லை.

மீதி இருப்பது ஜூலை விடுமுறை. கூடு நிறைந்த ஆண்டில் அந்த வாரங்கள் எங்கள் சுவரில் இல்லை, அதை முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கும் மாண்டிசீல் பாறைகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம். மழை இல்லாத மாதம், காரில் டர்பனிலிருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்தும் ஏறக்குறைய ஒரே தூரம். அங்கும் யாராவது குடியிருக்கிறார்களா என்று முதல் நாளே கேட்டுவிட்டுப் போக வேண்டும், நம் தொல்லையை அடுத்த கூட்டுக்குத் தள்ளிவிடுவதற்காக இந்த விதியை எழுதவில்லை. மாமா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மே மாதக் கண்காணிப்புப் பட்டியலில் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் பெயரைப் போட்டிருக்கிறேன். தொலைநோக்கி அவரிடம்தான் இருக்கிறது.